வெறும் மாத்திரை

அரூரிலிருந்து சேலத்துக்கு ஓடும் தனியார் பஸ் ஒன்றில் நான் கண்டக்டராக இருந்தேன். அந்த வேலையில் இருப்பவனுக்கு வரவே கூடாத நோய் எனக்கு வந்தது. பெருங்குடலில் புண். டாக்டர்கள் கோலைட்டிஸ் என்பார்கள். வயிறு முறுக்கும், அந்த நிமிஷமே போயாக வேண்டும், போனால் ரத்தமும் சளியுமாக வரும். அடுத்த ஊர் வரட்டும் என்று அது பொறுக்காது. பஸ்ஸும் பொறுக்காது. பின்னால் வருகிற வண்டி எங்களை முந்திவிட்டால் வழியில் நிற்கிற ஆட்களெல்லாம் அதில் ஏறிவிடுவார்கள்.

டிரைவர் அண்ணனுக்கு மட்டும் என் நிலைமை தெரியும். நான் விசிலை இழுத்து ஊதினால் பஞ்சர் பார்க்கிற மாதிரி வண்டியை ஓரங்கட்டுவார். நான் முள்ளுக்காட்டுக்குள் ஓடுவேன். திரும்பி வரும்போது ஜன்னலோரத்து முகங்களைப் பார்க்காமல் ஏறப் பழகிக்கொண்டேன். மஞ்சவாடி மலைச்சரிவில் எந்த வளைவில் மறைவு உண்டு, எதில் கிடையாது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஒருநாள் முகூர்த்தக் கூட்டம். படிக்கட்டு வரைக்கும் ஆட்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். விசில் வாயில் இருந்தது, ஊதினேன், வண்டியும் நின்றது, ஆனால் வாசலுக்குப் போக வழியில்லை. அன்று நடந்ததை முழுசாக எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கி இன்னொருத்தி மடியில் வைத்தாள். கூட்டம் விலகி நான் இறங்கியதும் டிரைவர் அண்ணன் தன் சீட்டுக்கடியில் இருந்த கைலியை எடுத்து ஜன்னல் வழியாக என்னிடம் வீசிவிட்டு, கண்டக்டர் இல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு போனார். ஒரு தென்னந்தோப்பில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணியில் உட்கார்ந்து என் காக்கி உடுப்பைக் கசக்கினேன். தோப்புக்காரர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கிட்டே வந்து கேட்கவும் இல்லை, விரட்டவும் இல்லை.

வீட்டில் என் மனைவி எனக்காகவே வாழ்ந்தாள் என்று சொன்னால் அது மிகையில்லை. எனக்கு ஆகாது என்று அவள் குழம்பில் மிளகாயைக் குறைத்தாள். பிறகு நிறுத்தியே விட்டாள். பிள்ளைகளும் அந்தச் சப்பைக் குழம்பையே சாப்பிட்டு வளர்ந்தார்கள். மாதுளம்பழத் தோலைக் காயவைத்து இடித்து மோரில் கலந்து தருவாள். செவ்வாய்க்கிழமை விரதம். யார் எந்த ஊரில் எந்த வைத்தியரைச் சொன்னாலும் என்னை இழுத்துக்கொண்டு போவாள். சேலத்து டாக்டர் தந்த மாத்திரைகளை நான் வலி இருக்கும்போது போடுவேன், கொஞ்சம் தேறினால் விட்டுவிடுவேன். அவள் சண்டை போடுவாள். எரிச்சலில் நானும் கத்துவேன். நோய் ஏறும், இறங்கும், மறுபடி ஏறும்.

அப்படி ரொம்ப மோசமாக இருந்த ஒரு சமயத்தில்தான் டாக்டர் புது மருந்து ஆராய்ச்சி ஒன்றைப் பற்றிச் சொன்னார். பொறுமையான மனிதர். எதையும் மறைக்கவில்லை.

"பாதிப் பேருக்கு நிஜ மருந்து கிடைக்கும். மீதிப் பேருக்கு அதே மாதிரி ஒரு மாத்திரை. ஆனா உள்ள மருந்து இருக்காது. உங்களுக்கு எது வரும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கம்ப்யூட்டர் முடிவு பண்ணும்."

"உங்களுக்குக் கூடத் தெரியாதுங்களா?"

"தெரிஞ்சா நானே உங்ககிட்ட வித்தியாசமா நடந்துக்குவேன். அதுக்குத்தான் மறைச்சு வெக்கறது. பழைய மாத்திரையை மட்டும் தொடர்ந்து போட்டுட்டு வரணும். விடக்கூடாது."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தேன். மனைவி ஒரே பேச்சில், "பாதிப் பேருல நீங்க இருக்க மாட்டீங்களா? போங்க" என்றாள். கையெழுத்துப் போட்டேன். போட்ட அன்றே எனக்கு வந்திருப்பது நிஜ மருந்துதான் என்று முடிவு செய்துவிட்டேன். அப்படி நினைக்காமல் அந்த மாத்திரையை எப்படி முழுங்குவது?

அந்த ஆராய்ச்சிக்கென்று ஆஸ்பத்திரியில் ஒரு பெண் இருந்தாள். சின்ன வயசு. தினமும் காலையில் போன் செய்வாள். "அண்ணா, நேத்து எத்தனை தடவ போனீங்க? ரத்தம் இருந்துச்சா? அவசரம் எப்படி? ரெண்டு மாத்திரையும் போட்டீங்களா, புதுசும் பழசும்?" கூச்சமில்லாமல், முகம் சுளிக்காமல், வயலில் மழை பெய்ததா என்று கேட்கிற மாதிரி கேட்பாள். முதல் வாரம் எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் அந்த போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். டிப்போவில் வண்டி துடைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தால் டீக்கடைக்குப் பின்னால் போய் நின்று பேசுவேன். "நேத்தைக்கு இன்னிக்குப் பரவால்லைங்களே அண்ணா" என்று அவள் சொன்னால் அன்று முழுக்க நான் நிமிர்ந்து நடப்பேன்.

பாய் என்று நான் கூப்பிடும் மனிதரை அந்த ஆஸ்பத்திரியில்தான் பார்த்தேன். தர்மபுரியில் மெத்தைக் கடை வைத்திருப்பவர், என் வயசுதான். ஆஸ்பத்திரிக் கூடத்தில் கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு நாற்காலி இருந்தது. நானும் அவரும் ஒரே சமயத்தில் அதை நோக்கிப் போனோம்.

"நீங்க உக்காருங்க, எனக்கு இன்னும் கொஞ்சம் தாங்கும்" என்றார்.

"எனக்கும் தாங்கும்ங்க."

இரண்டு பேரும் உட்காராமல் நின்று சிரித்தோம். இந்த நோயை வைத்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை. அவரும் அதே ஆராய்ச்சியில் சேர்ந்தவர்தான். வாடிக்கையாளர் வந்து மெத்தைக்கு அளவு சொல்லிக்கொண்டிருக்கும்போதே எழுந்து ஓடுவாராம். "பாதி தர்மபுரி என்னைப் பைத்தியம்னு நெனச்சுட்டிருக்கு கண்டக்டர்" என்றார்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் சேர்ந்தே டீ குடிப்போம். இரண்டு பேருக்கும் குணமாகிக்கொண்டு வந்தது. எனக்கு முதலில் அவசரம் குறைந்தது, பிறகு ரத்தம் நின்றது. அவருக்கும் அப்படித்தான். ஒருநாள் அவர் தன் மாத்திரையை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கசக்குது. உங்களுது?"

நானும் வைத்துப் பார்த்தேன். "கசக்குதுங்க பாய்."

"அப்ப ரெண்டு பேருக்குமே நிஜந்தான். டம்மியை எதுக்குக் கசக்க வெக்கப் போறான்?"

அது எங்களுக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தெரிந்தது.

கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தபோது டாக்டர் திரையைத் திருப்பி எனக்கே காட்டினார். முன்னால் ரணமாகச் சிவந்து கிடந்த இடம் வெளிறி, ஆறிக்கொண்டிருந்தது. நான் மறுபடி முழு நேரமாக வண்டி ஏறினேன். பாப்பாரப்பட்டியில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்தேன். பக்ரீத்துக்குப் பாய் வீட்டில் கூப்பிட்டார்கள். மனைவியோடு போனேன். பிரியாணி. நான் எடுத்த ஒவ்வொரு கவளத்தையும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாயின் மனைவி, "சாப்பிடட்டும் விடும்மா, எங்க வூட்டுக்காரரும் இப்ப இதைத்தான் சாப்பிடறாரு" என்றார். அன்றைக்கும் ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஆகவில்லை. மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக் குழம்பில் மிளகாய் இருந்தது. பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள்.

முதல் கட்டம் முடிந்ததும், குணம் தெரிந்தவர்களுக்கு அதே மாத்திரையைத் தொடர்ந்து தருவதாகச் சொன்னார்கள். நாங்கள் இருவருமே தொடர்ந்தோம். ரொம்ப காலத்துக்குக் கிடைக்கும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் காலை அந்தப் பெண்ணின் போன் வந்தது. வழக்கமான கேள்விகள் எதுவும் இல்லை.

"அண்ணா, மீதி இருக்கற மாத்திரையெல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க. ஆராய்ச்சியை நிறுத்திட்டாங்க."

"ஏம்மா?"

"டாக்டர் சொல்வாருண்ணா."

டாக்டர் அப்போது அதிகம் சொல்லவில்லை. விவரம் வரட்டும், கூப்பிடுகிறேன் என்றார். மாத்திரைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். பாய்க்குச் சில வாரத்திலேயே மறுபடி ரத்தம் தெரிய ஆரம்பித்தது. போனில் பேசும்போது குரல் கம்மியிருந்தது. "அந்த மாத்திரை இருந்தவரைக்கும் நல்லா இருந்தேன் கண்டக்டர். அதை மட்டும் குடுத்தா போதும். அவங்க ஆராய்ச்சி எக்கேடு கெட்டா எனக்கென்ன?" என்றார்.

மாதங்கள் கழித்து எங்களைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தராக உள்ளே போக வேண்டும். நான் முதலில் போனேன்.

"உங்களுக்கு வந்தது மருந்தில்லாத மாத்திரை" என்றார் டாக்டர்.

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். மறுபடி சொன்னார்.

"கசந்துச்சுங்களே சார்."

"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கணும்னு அப்படிச் செய்வாங்க."

"அப்ப எனக்குக் குணமானது பொய்ங்களா?"

"இல்ல. நானே உள்ள பாத்தேனே. புண் ஆறியிருந்தது நிஜம். இந்த நோய் தானா ஏறும், தானா இறங்கும். ரொம்ப மோசமா இருக்கும்போதுதான் எல்லாரும் ஆராய்ச்சிக்கு வராங்க. அப்புறம் இறங்கத்தான் செய்யும். பழைய மாத்திரையை ஒழுங்கா போட்டீங்க. தினமும் ஒருத்தர் விசாரிச்சாங்க. சரியாயிடும்னு நம்பினீங்க. இதுல எது எவ்வளவு செஞ்சுதுன்னு என்னால பிரிச்சுச் சொல்ல முடியாது." என் ஃபைலை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "இந்த ஆராய்ச்சியில அதுதான் கஷ்டமாயிடுச்சு. வெறும் மாத்திரை போட்டவங்களும் நெறைய பேர் தேறிட்டாங்க. மருந்து போட்டவங்களுக்கும் அவங்களுக்கும் பெரிய வித்தியாசம் காட்ட முடியல. கம்பெனி மருந்தையே கைவிட்டுட்டாங்க."

நான் வெளியே வந்தேன். பாய் உள்ளே போனார். எதிரில் இருந்த டீக்கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வந்ததும் முதலில் என் கையைப் பிடித்தார்.

"எனக்கு நிஜந்தான் வந்திருக்கு. நான் சொன்னேன்ல? மருந்துதான். உங்களுக்கு?"

"வெறும் மாத்திரைங்க பாய்."

அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார் போல. என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. டீயை எடுத்து ஒரு வாய் குடித்து வைத்தார்.

"அப்ப நீங்க எதனால நல்லா ஆனீங்க?"

"தெரியலைங்க."

"இப்பவும் நல்லா இருக்கீங்க."

"ஆமாங்க."

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார். குரலை உயர்த்தவில்லை. கடையில் பஞ்சு ரகத்தை எடுத்துச் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். "மருந்து எனக்கு வேலை செஞ்சுது. உங்கள மாதிரி ஆளுங்க சும்மாவே நல்லா ஆனதாலதான் அதை மூடிட்டாங்க. நீங்க நல்லா ஆகாம இருந்திருந்தா இப்ப எனக்கு அது கெடச்சிருக்கும்."

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இவருக்கு மருந்து கிடைக்கட்டும் என்று ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்க வேண்டுமா? காலையில் போன் வரும்போது பரவாயில்லை என்று சொல்லாமல் இருந்திருக்க வேண்டுமா? அவருக்குக்கூட அது மருந்தால்தான் ஆனது என்று யாருக்குத் தெரியும்? அவருக்கும் தானாகவே இறங்கியிருக்கலாம். வாய்வரை வந்தது, சொல்லவில்லை. அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு விஷயம்தான். எழுந்து போகும்போது போய் வருகிறேன் என்றுகூட அவர் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி ஊற்றி, மறுபடி வடித்தாள்.

"அப்ப அதுல ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லையாம்."

"எத்தனை வருஷமா ஒவ்வொண்ணா பாத்துப் பாத்துக் குடுத்தேன். மோரு, தோலு, கஞ்சி. ஒண்ணுலயும் ஆவல. யாரோ முகந்தெரியாதவன் குடுத்த வெறும் மாவுல ஆயிடுச்சு." அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "நாங்குடுத்ததை நீங்க நம்பவே இல்ல. அதானே?"

நான் அப்படியெல்லாம் இல்லை என்றேன். தினமும் போன் வந்ததையும் டாக்டர் சொன்னதையும் விளக்கினேன். விளக்க விளக்க இன்னும் கெட்டுப்போனது. "நானும் தினம் கேட்டேன். எத்தனை தடவ போனீங்கன்னு கேட்டேன். நீங்க எரிஞ்சு விழுந்தீங்க. அந்தப் பொண்ணுகிட்ட நல்லா சிரிச்சுப் பேசினீங்க" என்றாள். அதற்கு மேல் அவள் அதைப் பேசவில்லை. பேசியிருக்கலாம். அன்றிலிருந்து எனக்குத் தட்டு வைக்கும்போது எதிரில் உட்கார மாட்டாள். வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

டிரைவர் அண்ணனிடம் இதை ஓர் அதிசயமாகத்தான் சொன்னேன். அவர் அதை டிப்போவில் வேறு மாதிரி சொல்லிவிட்டார். நான் போனால் யாராவது ஒருத்தன், "கண்டக்டரே, எனக்கும் தலவலி, ஒரு சாக்பீஸ் இருந்தா குடுங்க" என்பான். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேறென்ன செய்ய?

சில வாரம்தான். வயிறு முறுக்க ஆரம்பித்தது. செய்தியைக் கேட்டதால் வந்ததா, வருகிற நேரம் வந்ததால் வந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழியில்லை. மஞ்சவாடி இறக்கத்தில் விசிலை இழுத்து ஊதினேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி ஊதினேன். அண்ணன் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"மனசைக் கொஞ்சம் அடக்குங்க தம்பி. முன்ன வெறும் மாத்திரையிலயே அடங்குச்சில்ல?"

கெட்ட எண்ணத்தில் அவர் சொல்லவில்லை. எனக்கு நல்லது சொல்வதாகவே நினைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போய்த்தான் நிறுத்தினார். அதற்குள் நிறுத்தியும் பயனில்லாமல் போயிருந்தது. இந்தத் தடவை கைலி இல்லை. வண்டி போன பிறகு பாறைக்குப் பின்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெயில் சுட்டது. அண்ணனைக் கூப்பிட்டு வந்து அந்த ரத்தத்தைக் காட்டியிருக்க வேண்டும் என்று தோன்றியது. காட்டினாலும் அது என் மனசிலிருந்து வந்த ரத்தம் என்றுதான் நினைத்திருப்பார்.

தினமும் விசாரித்த அந்த ஆஸ்பத்திரிப் பெண்ணுக்கு போன் செய்தேன். எடுத்தாள்.

"மறுபடி வந்துடுச்சும்மா."

"அய்யோ. நான் இப்ப சுகர் மருந்து ஆராய்ச்சிக்கு மாறிட்டேண்ணா. நீங்க வெளிநோயாளி பிரிவுல டோக்கன் போட்டு டாக்டரைப் பாருங்க."

"பாக்கறம்மா." வைக்க மனசில்லை. "முன்ன மாதிரி காலையில ஒரு போன் மட்டும் பண்ணுவியா? ரெண்டு நிமிஷம் போதும்."

அந்தப் பக்கம் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "வேலை அதிகமா இருக்குண்ணா. முடிஞ்சா பண்றேன்" என்றாள். பண்ணவில்லை. அவள்மேல் தப்பில்லை. எனக்கு மருந்தாக இருந்தது அவளுக்குச் சம்பள வேலை. ஆனாலும் ரொம்ப நாளைக்குக் காலையில் போன் அடித்தால் டீக்கடைக்குப் பின்னால் போய்த்தான் எடுத்தேன்.

டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார். முகம் வீங்கியது. அப்புறம் வேறொரு மருந்து. இப்போது பாதி நாள் நன்றாக இருக்கும், பாதி நாள் இருக்காது. முதலாளி என்னை வண்டியிலிருந்து இறக்கி பஸ் ஸ்டாண்டில் நேரம் பார்க்கிற வேலையில் போட்டார். பக்கத்திலேயே கழிப்பறை இருக்கிறது. டாக்டர் தருகிற ஒவ்வொரு புது மாத்திரையையும் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் பார்க்கிறேன். இதில் மருந்து இருக்கிறது என்று தெரியும். முன்பு அந்த வெறும் மாத்திரையை முழுங்கினபோது இருந்த தைரியம் இதை முழுங்கும்போது வரவில்லை.

பாய்க்கு ஆபரேஷன் ஆனது யார் மூலமாகவோ தெரிந்தது. பெருங்குடலையே எடுத்துவிட்டார்கள். வயிற்றில் துளை போட்டுப் பை வைத்திருக்கிறார்கள். தர்மபுரிக்குப் போனேன். கடையில்தான் இருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். சட்டையைத் தொளதொளவென்று போட்டு அந்தப் பக்கத்தை மறைத்திருந்தார்.

"உக்காருங்க" என்றார். தைத்து வைத்த மெத்தை ஒன்றின்மேல் உட்கார்ந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். தலையணைக்குப் பஞ்சு கேட்டார். பாய் எழுந்திருக்காமலே ஆளை விட்டு எடுக்கச் சொன்னார். வாடிக்கையாளர் போன பிறகு நான்தான் கேட்டேன்.

"வலி இருக்குங்களா?"

"வலி இல்ல. ரத்தமும் இல்ல. கொடல் இருந்தாத்தான புண்ணு வர்றதுக்கு?" என்றார். "இப்ப எந்தப் பஸ்லயும் ஏறுவேன். எங்க வேணா போவேன். கக்கூஸைத் தேட வேணாம். கூடவே கட்டிட்டுப் போறேன்."

நான் தரையைப் பார்த்தேன்.

"உங்களுக்கு எப்படி? நல்லா இருக்கீங்களா?" அந்த 'நல்லா'வை அழுத்திச் சொன்னார்.

அன்று காலையிலும் எனக்கு ரத்தம் போயிருந்தது. சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். என் கஷ்டத்தை அவர் காலடியில் கொண்டுபோய் வைக்கிற மாதிரி இருக்கும். சொல்லாவிட்டால் நான் சுகமாக இருப்பதாகவே நினைத்து நினைத்து அவர் வேகுவார்.

"எனக்கும் திரும்பிடுச்சுங்க பாய். வண்டியிலிருந்து எறக்கிட்டாங்க."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. நீண்ட நாளாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விடுவது போல. அது நிம்மதிதான். நான் அதைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். சட்டென்று முகத்தைத் திருப்பி, உள்ளே குரல் கொடுத்து மனைவியிடம் டீ போடச் சொன்னார். டீ வந்தது. இருவரும் குடித்தோம். டம்ளரை வைத்துவிட்டு நான் கிளம்பினேன். இருங்க என்று அவர் சொல்லவில்லை. அதற்கப்புறம் நான் தர்மபுரிக்குப் போகவில்லை.